காப்பிப் பூவா, பாவட்டையா

மூன்று பள்ளம் என்று எண்ணி முடித்த பிறகுதான் நான்காவது தெரிகிறது, இல்லை, அது பள்ளமில்லை, மகரந்த மணி நசுங்கியதில் விழுந்த மடிப்பு, குமிழை ஒரு இழை திருப்பினால் மறைகிறது, மறுபக்கம் திருப்பினால் வந்துவிடுகிறது, மடிப்பாக இருந்தால் இப்படி வந்து வந்து போகுமா, பள்ளமாக இருந்தால் நிற்க வேண்டாமா. மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணை மூடி, விரலால் அழுத்திக்கொள்கிறேன். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த மகரந்த மணி மிதக்கிறது, மஞ்சளாக, உருண்டையாக, மேலே மீன்வலை போர்த்திய மாதிரி. மறுபடி குனிகிறேன். காப்பியாக இரு. ஒரு மகரந்த மணியிடம் கெஞ்சுகிறேன். இத்தனை வருஷமாக இதுகளைப் பார்க்கிறேன், எதையும் இப்படி இரு அப்படி இரு என்று கேட்டதில்லை, இருக்கிறபடி வரைந்துகொண்டேன், அளந்துகொண்டேன், அவ்வளவுதான். வெளியே வராந்தா பெஞ்சில் வெள்ளத்தாயி இருமுகிறார். காலையில் நான் கதவைத் திறக்க வந்தபோதே உட்கார்ந்திருந்தார், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு. "நீங்க உங்க சோலியப் பாருங்க தாயி, நா இங்கனக்குள்ள ஓரமா இருந்துக்கிறேன்" என்றார். சாப்பிடப் போங்கம்மா என்றால் பசி இல்லை என்கிறார். நான் கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார், ஏடு படிந்து ஆறிப்போகிறவரை குடிக்கவில்லை. இந்தக் கண்ணாடிச் சில்லில் இருப்பது அவர் மகன் காசிமாயனின் சட்டையிலிருந்து எடுத்த தூள். சட்டை கிடைத்துவிட்டது. அவன் கிடைக்கவில்லை.

மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனவன். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக அடித்துக்கொண்டு போக வேண்டும், முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார்கள், அதற்கு மேல் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. காப்பியைப் பூக்கவைக்கிற பூ மழைக்கு முன்னாலேயே வேலை பிடிக்கவில்லை என்று இறங்கிப் போய்விட்டான், எங்கே போனான் என்று எங்களுக்குத் தெரியாது என்கிறார் தோட்டத்து மேனேஜர். இல்லை, பூ பூத்திருந்த நாளில் செடிக்குள்ளேயே மயங்கி விழுந்தான், நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கூட வேலை பார்த்த ஒருவன் டீக்கடையில் சொன்னதாக ஒரு பேச்சு, அந்த ஒருவனும் இப்போது கேரளாவுக்குப் போய்விட்டானாம். மீதி இருப்பது இந்தத் தூள் மட்டும். காப்பிச் செடி மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு மழைக்காகவே காத்திருக்கும், மழை விழுந்து ஒரு வாரம் போனால் மலை முழுக்க ஒரே சமயத்தில் வெளுத்துவிடும், இரண்டு மூன்று நாள்தான், பிறகு பூவெல்லாம் பழுப்பாகிக் கருகிவிடும். அந்த இரண்டு மூன்று நாளில் செடிக்குள் நுழைந்தவன் மேல்தான் தூள் இவ்வளவு அப்பி ஒட்டும். அப்படியானால் அவன் மழைக்குப் பிறகும் தோட்டத்தில் இருந்திருக்கிறான், மேனேஜர் பொய் சொல்கிறார், அந்த நாலு பேரைக் கூப்பிட்டு எங்கே தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று கேட்கலாம். எவ்வளவு சுலபம். இது காப்பியாக இருந்தால் போதும். ஆனால் சட்டை கிடந்தது தோட்டத்துக்குக் கீழே ஓடைக்கரையில், உண்ணிச்செடிப் புதரில், ஓடைக்கரை பூராவும் பாவட்டை, அதுவும் இதே பருவத்தில்தான் பூக்கிறது, அதுவும் வெள்ளை, அதுவும் காப்பிக் குடும்பம், அதற்கும் இதே உருண்டை, இதே வலை, இதே பள்ளம். பாவட்டை என்றால் ஒன்றுமில்லை. ஓடைப் பக்கமாக நடந்து போனான், சட்டையைக் கழற்றிப் போட்டான், போய்விட்டான், அவ்வளவுதான் கதை.

குடும்பம் என்று ஏன் பெயர் வைத்தார்கள். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் நான் இதைச் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், மற்ற குடும்பங்களில் எல்லாம் மகரந்தம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதே, புல்லை எடுத்தால் ஆயிரம் புல்லுக்கும் ஒரே உருண்டை ஒரே துளை, இந்தக் காப்பிக் குடும்பம் மட்டும் ஏன் ஒன்றுக்கொன்று முகஜாடையே இல்லாமல் கிடக்கிறது என்று. நத்தைச்சூரியைப் பார்த்தால் உரித்த சாத்துக்குடி மாதிரி சுற்றிலும் பள்ளம். கார்டீனியாப் பூவில் நான்கு மணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருக்கும், அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்தாலும் பிரியாது. நுணாவுக்கு வலைக்கண் பெரிது, கடம்பு கடுகிலும் கடுகு. அந்த வேற்றுமைதான் எனக்குப் பிடித்தது, அதை எழுதித்தான் பட்டம் வாங்கினேன். இன்றைக்கு எனக்கு வேண்டிய இரண்டு மட்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரே முகத்தோடு வந்து நிற்கிறது. சன்னல் வெயில் முழங்கை மேல் ஏறியிருக்கிறது, சுடுகிறது, நகரத் தோன்றவில்லை. பக்கத்து அறையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் செம்பருத்தியைக் கிழித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். போனைப் பார்க்கிறேன். என் மகன் ஆல்பின் எடுக்கவில்லை. காலையில் ஒரு தடவை கூப்பிட்டேன், சாப்பிடப் போகும்முன் ஒரு தடவை, இரண்டு தடவையும் முழுக்க அடித்து நின்றது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை, வகுப்பில் இருப்பான், தூங்குவான், போனை எங்கேயாவது போட்டிருப்பான். காசிமாயனுக்கும் இதே வயதுதான். அவனுக்கும் முதலில் மணி அடித்துக்கொண்டேதான் இருந்ததாம், வெள்ளத்தாயி சொன்னார், "ரெண்டு நாளு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு தாயி, பெறகு ஒரு பொம்பள பேசுனா, அணைச்சு வெச்சிருக்குன்னு." அதை நினைக்கக் கூடாது. அதை இதோடு சேர்க்கக் கூடாது. பிள்ளை வகுப்பில் இருக்கிறான். மூன்று பள்ளம். இதிலும் மூன்று. அடுத்ததில் மூன்று. பாவட்டை மூன்றுதான். காப்பியும் பாதிக்கு மேல் மூன்றுதான், மீதியில்தான் நான்கும் ஐந்தும். கடவுளே, மூன்று என்று எழுதினால் அது யாருக்கு என்ன சொல்லும்.

போன் அதிர்கிறது, பாய்ந்து எடுக்கிறேன், ஆல்பின் இல்லை, எஸ்.ஐ. சிக்கந்தர். "மேடம், ஏதாச்சும் ஆச்சா?" இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார். "எனக்கு ஒரே வார்த்தை போதும் மேடம். காப்பின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, அதை வெச்சு நான் தோட்டத்துக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போயிருவேன். இல்லேன்னா மேல இருந்து ஃபைலை மூடுன்னு சொல்றாங்க. ஆளு ஓடிப்போயிட்டான்னு எழுதி முடிச்சிருவாங்க." யூனிவர்சிட்டியில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது, அதில் பார்த்தால் வலையின் இழை இழையாகத் தெரியும், சந்தேகம் தீரும் என்கிறேன். "எப்பக் கிடைக்கும்?" கேட்டுப் பார்த்தேன், விடுமுறைக்குப் பிறகு வரச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நல்ல மனிதர், இல்லாவிட்டால் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைவாரா, மதுரையில் யாரோ என் பெயரைச் சொன்னார்களாம், காப்பிக் குடும்பத்து மகரந்தம் என்றால் அந்த தெரேஸ் மேடம்தான் என்று. பெருமையாக இருந்தது அன்றைக்கு. "மனசுக்கு என்னன்னு படுது, அதைச் சொல்லுங்க" என்கிறார். மனசுக்குக் காப்பி என்றுதான் படுகிறது சார், வெளியில் உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்த்தால் யார் மனசுக்கும் அப்படித்தான் படும், ஆனால் நாளைக்குக் கூண்டில் ஏற்றிவைத்து, பாவட்டை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று தோட்டத்து வக்கீல் கேட்டால் நான் எதைக் காட்டுவேன். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கொடுங்கள் சார் என்கிறேன். வைத்ததும் ஒரு மெசேஜ் வந்து கிடக்கிறது. "கிளாஸ்ல இருந்தேன் மா. என்ன?" அவ்வளவுதான். என்ன என்று கேட்கிறான். உடம்பு பூராவும் தண்ணீர் ஊற்றிக் குளித்த மாதிரி பயம் வடிகிறது, சும்மாதான் கூப்பிட்டேன் என்று அனுப்புகிறேன், சிரிப்பு வருகிறது, அப்போதே கதவுக்கு அந்தப் பக்கம் இருமல், சிரிப்பு வாயிலேயே நின்றுபோகிறது. எனக்கு ஒரு வரியில் தீர்ந்துவிட்டது. என் முகத்தை இப்போது அந்த அம்மா பார்த்துவிடக் கூடாது.

காலர் மடிப்பிலிருந்து தூரிகையால் தனியாகத் தட்டி எடுத்ததை இன்னும் பார்க்கவில்லை. அந்த ஸ்லைடை வைக்கிறேன். வைத்ததுமே தெரிகிறது, இது வேறு மாதிரி, உதிரி உதிரியாக இல்லை, ஒரு பெரிய கட்டி, ஒரே பூவின் தூள் மொத்தமாக அப்பின மாதிரி. கட்டியின் ஓரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். மூன்று. மூன்று. நான்கு. குமிழைத் திருப்புகிறேன், நிற்கிறது, மறையவில்லை, நான்கேதான். அதற்குப் பக்கத்தில் ஒன்று நேராக நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, அதன் பள்ளங்களைச் சுற்றி வருகிறேன், ஒன்று, இரண்டு, வேண்டாம், அவசரப்படாதே, திரும்ப முதலில் இருந்து. ஐந்து. ஐந்து பள்ளம். எழுந்து அலமாரியைத் திறந்து என் பழைய பாவட்டை ஸ்லைடுகளை எடுக்கிறேன், அவசரத்தில் ஒன்று கீழே விழுகிறது, உடையவில்லை. பாவட்டையில் மூன்று, மூன்று, எங்கேயோ ஒரு நான்கு. ஐந்து கிடையாது. நான் வரைந்த படங்களில் கிடையாது, மற்றவர்கள் வரைந்ததில் நான் பார்த்தவரை கிடையாது. மூன்றும் நான்கும் ஐந்தும் ஒரே பூவுக்குள் கலந்து கிடப்பது காப்பி. மறுபடி காலர் ஸ்லைடு. இதோ இன்னொரு ஐந்து. காப்பி, காப்பி, காசிமாயா, நீ அங்கேதான் இருந்தாய், பூவுக்குள் இருந்தாய், மழைக்குப் பிறகு இருந்தாய். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும், சிக்கந்தருக்குப் போன் போட விரல் போகிறது, இல்லை, முதலில் அந்த அம்மா, காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு முதலில். மகன் செத்திருக்கலாம் என்று சொல்லத்தான் இவ்வளவு சந்தோஷமாக எழுந்து ஓடுகிறேன் என்பது கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் உறைக்கிறது. அப்படியே நிற்கிறேன். பிறகு திறக்கிறேன்.

வெள்ளத்தாயி என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார், மஞ்சப்பை கீழே சரிகிறது. உட்காருங்கம்மா என்று நானும் பக்கத்தில் உட்காருகிறேன். எழுதுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரியாகக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான், வேறு எண்ணமே இல்லை, "சட்டை கிடைச்சதும் நேரா ஸ்டேஷனுக்குத்தானம்மா கொண்டு போனாங்க?" என்று கேட்கிறேன். "எங்க தாயி. மொதல்ல டேசன்ல எங்களச் சேத்துக்கவே இல்லையே. வயசுப் பய, எங்கிட்டாச்சும் போயிருப்பான், வருவான் போன்னு வெரட்டி விட்டாங்க. சட்டை எங்கிட்டத்தான் ரொம்ப நாளு இருந்துச்சு. இந்த சார் வந்த பெறகுதான் கேட்டு வாங்குனாரு." உங்களிடமா. எங்கேயோ இடிக்கிறது, இன்னும் என்னவென்று தெரியவில்லை. "யார் கொண்டுவந்து கொடுத்தாங்க?" "மாடு மேய்க்கிறவரு. நா மலையில இருந்து எறங்கி வாரேன், எதுக்க வந்து குடுத்தாரு, இது ஒம் மகன் சட்டையான்னு பாரு ஆத்தான்னு. நாந்தான பித்தான் தச்சு விட்டேன், எனக்குத் தெரியாதா." மலையில் எதற்கு இருந்தீர்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்கிறார். "தேடித்தான். விடியக் கருக்கல்ல ஏறுவேன். கேட்டுல விடமாட்டாங்க, பொறவாசப் பக்கமா முள்ளத் தாண்டி உள்ள போயிருவேன். ஒவ்வொரு செடியா வெலக்கி வெலக்கிப் பாத்தேன் தாயி. எங்கிட்டாச்சும் மயங்கிக் கெடப்பானோன்னு. அப்ப பூவு. கண்ணே கூசும், அம்புட்டு வெள்ள. தலையெல்லாம் பூவு, சேலையெல்லாம் பூவு, மூக்குக்குள்ள எல்லாம் அந்த வாசம், உதறக்கூடத் தோணல." தெரிந்துவிட்டது. போதும்மா, சொல்லாதீர்கள், அதற்கு மேல் சொல்லாதீர்கள். "கட்டியிருந்த அந்தச் சேலையிலேயே சட்டையச் சுத்தித் தூக்கிட்டு வந்தேன். ராவுல தலைக்கு அதைத்தான் வெச்சுப் படுத்துக்கிறது. காலர்ல மொகத்த வெச்சா அவன் இருக்கிற மாதிரியே இருக்கும். தண்ணி படவே விடல. ஏன் தாயி, எதுக்குக் கேக்குறீங்க?"

காலரில் முகத்தை வைத்து. தலையெல்லாம் பூ. நான் பார்த்த அந்த ஐந்து பள்ளம் இவர் கூந்தலில் இருந்து வந்ததா, அவன் கழுத்தில் இருந்து வந்ததா, எந்த மைக்ராஸ்கோப்பும் இதைச் சொல்லாது, யூனிவர்சிட்டி மைக்ராஸ்கோப்பும் சொல்லாது, ஒரு வலையிழை பாக்கி இல்லாமல் படம் பிடித்தாலும் காப்பி என்றுதான் சொல்லும், யாருடைய காப்பி என்று சொல்லாது. சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். யாருக்குத் தெரியும். இந்த அம்மா தோட்டத்துக்குள் தேடிப் போனதை சிக்கந்தர் கேட்டிருக்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குச் சொல்லியிருப்பார். காப்பி என்று ஒரு வார்த்தை எழுதினால் அது பொய்யில்லை. அது காப்பிதான். ஆனால் அவர்கள் வக்கீல் கேட்பான், சட்டை யாரிடம் இருந்தது, எங்கே இருந்தது, அந்த அம்மாவைக் கூண்டில் நிறுத்திக் கேட்பான், இவர் இப்போது சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வார், ஊர் பார்க்க, ஏன் கேட்கிறார்கள் என்றே தெரியாமல். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லதில்லையா. நல்லதா, யாருக்கு. "காப்பிப் பூத் தூளுதாம்மா" என்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார், காய்ப்பு ஏறின கை, "அப்ப எம்புள்ள அங்கதான இருந்திருக்கான்! நாந்தான் சொன்னேனே தாயி, ஒருத்தனும் நம்பலயே!" கையை எடுத்துக்கொள்ள முடியவில்லை. "உங்க சேலையிலும் அதே தூள்தானம்மா இருந்திருக்கும். தலையிலும். அதிலிருந்து சட்டையில் ஒட்டியிருக்கலாமே என்று கேட்பாங்கம்மா. இல்லை என்று என்னால் சொல்ல முடியாது." புரியவில்லை அவருக்கு. திரும்பச் சொல்கிறேன், இன்னும் சின்னச் சின்ன வார்த்தையாக, ஒவ்வொன்றும் கல்லாக விழுகிறது. புரிகிறபோது பிடி தளர்கிறது. "நா தேடப் போனதுல ஒட்டுனதா?" ஆமாம் என்று தலை அசைக்கிறேன். வராந்தாக் கம்பிக்கு அந்தப் பக்கம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார்கள். "அப்ப நா அவனத் தேடாம இருந்திருக்கணுமா தாயி?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். படித்த ஒருத்தியிடம் வழி கேட்கிற மாதிரிதான் கேட்கிறார். இல்லம்மா. இல்லம்மா என்கிறேன்.

சிக்கந்தர் மறுபடி கூப்பிடுகிறார், அங்கேயே உட்கார்ந்து எடுக்கிறேன், எழுந்து தள்ளிப் போய்ப் பேசினால் அது இன்னும் மோசம். காப்பிதான் சார், சந்தேகமில்லை. "அருமை மேடம்!" ஆனால் சட்டை அந்த அம்மாவிடம் ரொம்ப நாள் இருந்திருக்கிறது, அவர் பூத்த தோட்டத்துக்குள் தேடிப் போயிருக்கிறார், அதனால் தூள் யார் வழியாக வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, அதையும் சேர்த்துத்தான் எழுத முடியும். அங்கே பஸ் ஸ்டாண்டு இரைச்சல். பிறகு, "சரிங்க மேடம்" என்கிறார், "எழுதுங்க. நான் முடிஞ்சவரைக்கும் பாக்குறேன்." முடிந்தவரை என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். வைத்த பிறகு வெள்ளத்தாயி கேட்கிறார், "சட்டைய ஒரு தடவ பாத்துக்கிறவா? எடுத்துட்டுப் போகல, பாத்துட்டுத் தந்துர்றேன்." காட்டக் கூடாது, முத்திரை வைத்துத் திருப்பித் தர வேண்டிய பொருள். உள்ளே போய் எடுத்து வருகிறேன். நீலக்கோடு போட்ட சட்டை, வெளுத்துப் படிந்து, மடிப்புக் கலையாமல். தூரிகைக்கு வராத தூளை எடுக்க வேறு வழியில்லை, சோப்புத் தண்ணீரில் முழுக்க அலசி, அந்தத் தண்ணீரைத்தான் சுழலவிட்டு அடியில் தங்கினதை எடுக்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் அப்படித்தான் செய்தேன், நன்றாகச் செய்தேன், இரண்டு தடவை. அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், வாய் திறப்பதற்குள் அவர் வாங்கி காலரில் முகத்தை வைத்துவிட்டார். வைத்தது வைத்தபடி இருக்கிறார். மூச்சை இழுப்பது கேட்கிறது, மறுபடி இழுப்பது, இடம் மாற்றிக் கக்கத்துப் பக்கம் வைத்து இழுப்பது. நான் சுவரைப் பார்க்கிறேன். அவர் முகத்தை எடுத்து, சட்டையை மடியில் விரித்து, கையால் நீவி, நான் மடித்ததைவிட ஒழுங்காக மடிக்கிறார். "தொவச்சிட்டீகளா" என்கிறார். ஆமாம்மா. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, "சோப்பு நல்ல வாசமாத்தான் இருக்கு தாயி" என்கிறார்.

சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு மஞ்சப்பையை எடுத்துக்கொள்கிறார். படியில் இரண்டு எட்டு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறார். "நாளைக்கு வந்தா வேற ஏதாச்சும் தெரியுமா?" இல்லை என்பதுதான் அதற்குப் பதில். நாளைக்கும் தெரியாது, விடுமுறைக்குப் பிறகும் தெரியாது. "வாங்கம்மா" என்கிறேன்.